ஓதக்கரைக்கு அரசன் இல்லை

8 ஜூன் 2025, ஞாயிறு

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. மின்விசிறி சுழன்றும் மேசையைச் சுற்றி நாலு பேரும் வேர்த்து வழிந்தோம். ஆனாலும் வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வாரம் ஐந்து நாள் வரலாறு நடத்துகிறேன், ஒருவரும் காது கொடுப்பதில்லை. கிழக்குத் தாம்பரத்தில் என் சாப்பாட்டு மேசையில் மட்டும், நான் சொல்கிற வரலாற்றை மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். தனிக்கட்டைக்கு வேறென்ன வேண்டும்?

ஆறு வருடமாக ஒரு கற்பனை உலகத்தை வைத்து விளையாடுகிறோம். உலகத்தை நான் சொல்வேன், அதில் அவர்கள் ஆள்வார்கள், சந்தேகம் வந்தால் பகடை உருளும். இப்போது நடப்பது முதற்காலம். மலைகள் இன்னும் நடந்துகொண்டிருந்த, தெய்வங்கள் சந்தைக்கு வந்து பேரம் பேசிய காலம். குரோம்பேட்டை சத்யநாராயணன் வெண்கோட்டு மலையரசன். காட்டாங்குளத்தூர்க் கல்லூரியில் பாடம் நடத்தும் ஜெரூஷா ஆற்றுநாட்டு ராணி. எத்திராஜுக்கு ஓதக்கரை.

ஓதக்கரையில் அரசன் கிடையாது. எல்லோரும் மணலில் கூடிப் பேசுவார்கள். ஒருமனதாகும் வரை ஒரு படகும் கடலில் இறங்காது. இது எத்திராஜின் கோவளத்துக் குப்பத்து வழக்கம், அவன் சொல்லி நான் எடுத்துக்கொண்டது. அவன் சிறுசேரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறான். அப்பா இன்னும் கடலுக்குப் போகிறார்.

சத்யா பெரிய நோட்டைப் படிப்பதற்கு வீட்டுக்கு எடுத்துப் போனான். இந்த உலகத்தில் நடந்ததெல்லாம் அதில் மையில் இருக்கிறது, பக்கத்துக்கு நாலு கையெழுத்தோடு. மையில் ஏறியதை மாற்றக் கூடாது. நான் போட்ட சட்டம்.

12 ஜூன்

பள்ளி திறந்து பத்து நாள். அதற்குள் தொண்டை கட்டிவிட்டது.

15 ஜூன், ஞாயிறு

சத்யா வந்ததும் வராததுமாக நோட்டை விரித்தான். விண்கல் உடன்படிக்கை. மூன்று நாடுகளும் ஒன்றை ஒன்று தாக்குவதில்லை என்று, வானத்திலிருந்து விழுந்த கல்லைத் தொட்டுச் செய்த சத்தியம். இரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதிய பக்கம். அதில் ஒரு வரியை நிறுத்தி நிதானமாக வாசித்தான்: முடி சூடிய தலை தொட்டால்தான் கல் ஒளிரும், ஒளிராத சத்தியம் சத்தியமல்ல.

"ஓதக்கரைல யாருக்கும் முடியே கிடையாதே. ஸோ, அவங்களோட எனக்கு அக்ரிமென்ட்டே இல்லை" என்றான். வெண்கோட்டுப் படை மலையிலிருந்து இறங்கத் தொடங்கியது.

ஜெரூஷா என்னைப் பார்த்தாள். எத்திராஜ் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் நடுவர், என்ன செய்ய? வரி இருக்கிறது. கையெழுத்தும் இருக்கிறது, எத்திராஜுடையது உட்பட. செல்லும் என்றேன்.

16 ஜூன்

அந்த வரியை ஏன் எழுதினேன்? அழகாக இருந்தது, அவ்வளவுதான். கல் ஒளிர வேண்டும், ஒளிர ஒரு காரணம் வேண்டும், கிரீடம் கைக்கு எட்டியது. எழுதும்போது ஓதக்கரை நினைவிலேயே இல்லை. உலகத்தைப் படைத்தவன் ஒரு நாட்டையே மறந்திருக்கிறேன். பெரிய வரலாற்று வாத்தியார்!

22 ஜூன், ஞாயிறு

படை கரையை நெருங்கிவிட்டது. ஓதக்கரைக்காரர்கள் மணலில் கூடினார்கள். சண்டையா, சமாதானமா? ஒருமனதாகவில்லை. படகுகள் அப்படியே நின்றன. உங்கள் மீட்டிங் முடிவதற்குள் நான் ஊரையே சுற்றிப் பார்த்துவிடுவேன் என்று சத்யா கிண்டலடித்தான்.

நான் ஒரு வழி சொன்னேன். யாராவது ஒருவருக்கு ஒரே ஒரு நாள் முடி சூட்டு, அவர் கல்லைத் தொடட்டும், மறுநாள் கழற்றிவிடலாம். எத்திராஜ் தலையாட்டினான், இல்லை என்று.

"ஒரு நாளைக்குத்தான்னு சொல்லிதாண்ணா எல்லா ராஜாவும் வந்திருப்பான். அந்த வரிய அடிச்சிடுங்க. தப்பா எழுதிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

மையில் ஏறியது ஏறியதுதான் என்றேன்.

நோட்டை மூடி என் பக்கம் தள்ளினான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "எழுதும்போது நாங்க உங்க நெனப்புல இல்ல. சரி, அது போவட்டும். இப்பவும் இல்ல பாருங்க, அதாண்ணா பேஜாரா கீது."

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

29 ஜூன், ஞாயிறு

வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. ஓதக்கரைக்கு நானே பகடை போட்டேன். ஒன்று, ஒன்று, இரண்டு. மூன்று ஊர்கள் எரிந்தன.

2 ஜூலை

என்னிடமே பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? சட்டமாவது, மையாவது. வரியை அடித்திருந்தால் சத்யா கோபித்துக்கொண்டு போயிருப்பான். அவன் போனால் மேசை கலைந்துவிடும் — அந்தப் பயம்தான். எத்திராஜ் எங்க போயிடப் போறான், அவன் நல்லவன், பொறுத்துக்குவான்னு நெனச்சேன். பொறுத்துக்கிறவன் தலையிலதானே எல்லாத்தையும் வைக்கிறோம். சீ.

6 ஜூலை, ஞாயிறு

ஆளில்லாத கரையைச் சத்யா பிடிப்பதை வேடிக்கை பார்க்க நான் எதற்கு என்று சொல்லிவிட்டு ஜெரூஷா கிளம்பிவிட்டாள். இனி வர மாட்டாளாம்.

ஓதக்கரை முழுவதும் இப்போது வெண்கோட்டுக்குச் சொந்தம். சத்யா வரைபடத்தில் வண்ணம் தீட்டினான், சுற்றிலும் காலி நாற்காலிகளைப் பார்த்தான், ஜெயித்த பிறகு போரடிக்கிறது என்றான். இன்டர்நெட்டில் வேறொரு குழுவில் சேர்ந்துவிட்டானாம், அவர்களும் ஞாயிற்றுக்கிழமைதான் ஆடுகிறார்களாம். யாரைப் போகவிடாமல் பிடித்துவைக்க இத்தனை செய்தேனோ, அவன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே இதைச் சொன்னான்.

13 ஜூலை, ஞாயிறு

யாரும் இல்லை.

19 ஜூலை

அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்தேன். பக்கத்தில் 'என் தவறு, வில்பிரட்' என்று எழுதி, படம் எடுத்து எத்திராஜுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான். பதில் இல்லை.

27 ஜூலை, ஞாயிறு

பார்த்துவிட்டான்தானே? ஒரு வார்த்தை எழுதினால் என்ன? — இதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

13 ஆகஸ்ட், புதன்

அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சிறுசேரிக்குப் போனேன். அவன் அலுவலக வாசலுக்கு எதிரே டீக்கடையில் காத்திருந்தேன். கழுத்தில் அட்டையோடு வந்தான். கோபமே இல்லாமல் பேசினான். அதுதான் பயமாக இருந்தது. வரியை அடித்துவிட்டேன், நான் செய்தது தப்பு, இந்த ஞாயிறு வா, போரை முதலிலிருந்து ஆடலாம், எரிந்ததெல்லாம் எரியவே இல்லை என்று எழுதலாம் என்றேன்.

எரிந்தது எரிந்ததுதான் என்றான். ஆனால் மணலில் கூட்டம் முடிந்துவிட்டதாம். அன்று என் வீட்டிலிருந்து பைக்கில் போகும்போதே, கேளம்பாக்கம் தாண்டுவதற்குள் அவன் மனதில் நடத்தி முடித்திருக்கிறான்.

"எல்லாரும் ஒத்துக்கினாங்க. ஊர் எரியறதுக்கு முன்னாடியே பொண்டு புள்ளைங்களோட படகு ஏறிட்டாங்க. மலையரசரு புடிச்சது வெறும் மணலு."

எனக்குள் ஏதோ துள்ளியது. பிழைத்துவிட்டார்கள். எங்கே போனார்கள்? வரைபடத்தில் கிழக்கே வெறும் நீலமாகத்தானே விட்டிருக்கிறேன், அங்கே தீவு இருக்கிறதா, எத்தனை நாள் பயணம் என்று அடுக்கடுக்காகக் கேட்டேன். கை தானாகச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்திருந்தது.

அவன் பேனாவைப் பார்த்துச் சிரித்தான்.

"சொன்னா நீங்க எழுதிடுவீங்க, சார்."

ஆறு வருடம் அண்ணா என்று கூப்பிட்டவன். தாம்பரம் பஸ் எங்கே நிற்கும் என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போனான்.