தானாக வரும் குடக்கணக்கு

3-4-2004
தண்ணி லாரி வந்தால் எங்கள் பிளாக்கில் இனி அடிதடி இல்லை. பேத்தி சங்கமித்ரா கம்ப்யூட்டரில் போட்ட தாளைத் தொட்டிச் சுவரில் ஒட்டிவிட்டேன். திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் முதலாளிக்கே ரிப்போர்ட் போடுகிறவள் அவள். முதல் அட்டவணையில் வீட்டுக்கு வீடு ஆட்களின் பெயர். அதிலிருந்து இரண்டாவது தானாக வருகிறது: குழந்தையானாலும் தலைக்கு இரண்டு குடம். "ரெண்டாவதுல கை வெக்காத ஆயா. மொதல்ல மாத்துனா அதுவே மாறிக்கும்" என்றாள். அஞ்சாவதோடு நின்ற எனக்கே புரிந்தது!

11-4-2004
எதிர்வீட்டுக் கெங்கம்மாவின் மகள் ரமாபாய் கைக்குழந்தையோடு வந்துவிட்டாள். புருஷன் அடிக்கிறானாம். கெங்கம்மா என்னைத் தனியாக இழுத்து, "யக்கா, அவ பேர செவுத்துல ஏத்திடாத. வாயில போட்டு மெல்லுவாளுங்க. ஆனா தண்ணி பத்தல" என்றாள். பேனாவை எடுத்து, இரண்டாவது அட்டவணையில் அவள் வீட்டு நாலை அடித்து எட்டு என்று எழுதினேன். பேத்தியிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா இன்னா?

18-4-2004
எதிர்வீட்டுக் கொடியில் குழந்தைத் துணி. ரமாபாய் இன்று சிரித்தாள்.

2-5-2004
புதுத் தாள் வந்தது, கலரில். மூன்றாவது மாடியில் பிறந்த குழந்தையும் சேர்ந்திருக்கிறது. பழையதைக் கிழித்துப் போட்டு ஒட்டினேன். அழகு!

3-5-2004
லாரியில் பைப் பிடித்த நீலமேகம் கெங்கம்மாவை நாலு குடத்தோடு நிறுத்தினான். "பேப்பர்ல நாலுதான் கீது." அவள் என் பக்கம் திரும்பினாள். "நீயே எட்டு எழுதுன. இப்ப இன்னா, மனசு மாறிட்ச்சா? ஊரே சிரிக்கட்டும்னு குறைச்சியா?"

பேனா எழுத்து பழைய தாளோடு போய்விட்டது என்று அப்போதுதான் உறைத்தது. "என் தப்புதான் கெங்கா" என்று சொல்லியிருக்கலாம். பிளாக்கே பார்க்கிறது, என் பேத்தி தாளைக் குறை சொல்கிறாள் என்று… கத்திவிட்டேன். "பொண்ணு வாழாம வந்து கீறா, பேரு எழுதாதன்னு நீதான கெஞ்சுன! பேரு இல்லாம கணக்கு எப்டி வரும்?"

ரமாபாய் குழந்தையோடு படியில் நின்றிருந்தாள்.

4-5-2004
விடிந்ததும் ரமாபாய் அத்திப்பட்டுக்கு, புருஷன் வீட்டுக்கே போய்விட்டாள். அடிக்கிறவனிடமே. ஏன் கத்துனேன்? அந்தத் தாள் இன்னா என் தலைக்குக் கிரீடமா?

9-5-2004
பேத்தியிடம் சொன்னேன். திட்டவில்லை. "எங்கிட்ட சொல்லிருந்தா பேரே இல்லாம வெறும் ஆள் கணக்கு போட்டிருப்பேனே ஆயா."

அவ்வளவுதானாம்.

கெங்கம்மா கதவைத் தட்டினேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. திறக்கவில்லை.

16-5-2004
புதுத் தாளில் யார் பெயரும் இல்லை. கதவு எண், ஆள், குடம். கெங்கம்மா வீட்டுக்கு நாலு ஆள், எட்டுக் குடம். ரமாபாய் திரும்பி வந்தால் இருக்கட்டும் என்று நான்தான் போடச் சொன்னேன். ஒட்டுமுன் இரண்டு முறை படித்தேன்.

கெங்கம்மா நாலு குடம் மட்டும் பிடித்தாள். "இன்னும் நாலு கீது, எடுத்துக்கக்கா" என்றான் நீலமேகம்.

"எங்க வூட்ல ரெண்டு பேருதான்பா. மொதல்ல ஆள் கணக்க மாத்தச் சொல்லு" என்றாள். அவனிடம்தான் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.