நான் சுற்றிய கறுப்பு டேப்

சென்ற வாரம் தங்கை மகளோடு கண் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம். அறுவை அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது கதவு ஒருமுறை திறந்து மூடியது. முடி கருகும் வாசனை வந்தது. பக்கத்து நாற்காலி அம்மாள் முகத்தைச் சுளித்தார்கள்.

"என்னத்தக் கருக்குதாவ உள்ள?"

"ஒண்ணுமில்லம்மா, லேசர்" என்றேன்.

உள்ளே நடப்பது எனக்குத் தெரியும். ஆர்கானும் ஃப்ளோரினும் கலந்த வாயுவில் பிறக்கும் புற ஊதா ஒளி, துடிப்புத் துடிப்பாக வந்து கருவிழியை முடியிழையைவிட மெல்லிசாகச் செதுக்கிக்கொண்டிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை என்று காலையில் அவளுக்குப் பாடம் எடுத்தவளே நான்தான். ஆனாலும் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து படிக்கட்டுப் பக்கம் வந்து நின்றுகொண்டேன். உன் இடது கண்ணின் வெள்ளைத் தழும்பு முன்னால் வந்து நின்றது. நீ படிக்கப்போவதில்லை என்பதால்தான் இன்று இதை எழுத முடிகிறது.

நாம் ஒரே நாளில் ஆய்வு மாணவிகளாகச் சேர்ந்தோம். நீ மணப்பாட்டுக்காரி, கப்பலில் வேலை பார்த்தவரின் மகள். நான் ஏரல் பக்கத்து வயற்காட்டு ஊர். துறைமுகச் சாலையில் இருந்த அந்த ஆய்வகத்தில் நமக்குக் கிடைத்தது ஒரு பழைய கார்பன் டை ஆக்சைடு லேசர். வாயுக்களைக் கலந்து நிரப்பி உயர் மின்னழுத்தம் கொடுத்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் ஓலைவெடி மாதிரி சத்தம் போடும். கப்பலில் இருந்து வெட்டியெடுத்த தகடுகளின் பெயிண்டையும் துருவையும் அந்த ஒளியால் உரிக்க முடியுமா என்பதுதான் நம் ஆராய்ச்சி. கப்பலைச் சுரண்டும் ஆட்கள் அந்தத் தூசியைச் சுவாசித்து இருமுவதை நீ சிறுவயதிலிருந்தே பார்த்திருந்தாய். எனக்கு அது ஒரு பட்டம். உனக்கு அப்படியில்லை.

துடிப்பு தகட்டில் விழும் இடத்தில் ஒரு நீலவெள்ளைப் பொறி பூக்கும். பெயிண்டின் மேல்தோல் ஆவியாகி, அந்த ஆவியே கொதித்துப் பிளாஸ்மாவாகும் பொறி அது. சக்தியைக் கூட்டக் கூட்டப் பெயிண்ட் அதிகமாகப் பெயர வேண்டும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ஓர் அளவுக்குமேல் பெயரவில்லை. கருவியில்தான் கோளாறு என்று நான் இரண்டு வாரம் குடைந்துகொண்டிருந்தேன். நீ தகடுகளை வரிசையாக அடுக்கிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் சொன்னாய்: "ஏளா பேச்சி, கூட அடிச்சா கூடப் பெயராது. அந்தத் தீயே முன்னால வந்து மறிச்சிக்கிடுது."

அதுதான் விஷயம். பிளாஸ்மாவே பின்னால் வரும் ஒளியை விழுங்கிவிடுகிறது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுக்க அந்த ஒரு பேச்சுதான். உன் பெயரை நன்றியுரையில் போட்டேன்.

தகடு வைக்கும் இரும்புப் பெட்டியின் மூடியில் ஒரு சுவிட்ச் இருந்தது. மூடியைத் திறந்தால் அதன் அழுத்தம் விட்டுவிடும், லேசர் சுடாது. பெட்டிக்கும் நான் உட்காரும் மேசைக்கும் நடுவே தடுப்பு. மூடி மூடியிருக்கிறதா என்பதை அந்தச் சுவிட்சோடு இணைந்த ஒரு பச்சை விளக்குதான் எனக்குச் சொல்லும். மேலதிகாரிகள் வந்து பார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் கருவி மறுபடி தயாராகச் சில நிமிடம் எடுத்தது. அன்று நீ சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மூடி திறந்தாலும் கருவி நிற்காதபடி சுவிட்சை அமுக்கி, அதன்மேல் கறுப்பு டேப்பைச் சுற்றினேன். நீ வந்ததும் உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஏரலில் இருந்து போன் வந்தது. பேசிவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தேன்.

நீ திரும்பி வந்தது எனக்குத் தெரியாது. காற்றிழுக்கும் விசிறியின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. நீ மூடியைத் திறந்திருக்கிறாய். நம் ஊர்ப் புழுக்கத்தில் காப்புக் கண்ணாடி ஆவி பிடித்துவிடும். தகட்டில் கீறியிருந்த எண்ணைப் படிக்க அதை நெற்றிக்கு ஏற்றியிருக்கிறாய். மூடி திறந்திருந்தால் சுடாது என்று நம்பித்தான் குனிந்திருக்கிறாய். எனக்குப் பச்சை விளக்கு எரிந்தது. அதை எரிய வைத்ததே நான்தான் என்பது அந்த நொடியில் மறந்துபோயிற்று. பொத்தானை அமுக்கினேன்.

வெடிச்சத்தத்துக்குப் பிறகு நீ அலறவில்லை. "ஏளா, நிறுத்து" என்றாய், அவ்வளவுதான். நான் ஓடிவந்தபோது ஒரு கை இடது கண்ணைப் பொத்தியிருந்தது. மறு கை சுவிட்சிலிருந்து டேப்பை உரித்துக்கொண்டிருந்தது. அதைச் சுருட்டிக் கைக்குட்டைக்குள் வைத்துக்கொண்டாய். அதற்குப் பிறகுதான் ஆட்கள் வந்தார்கள்.

மருத்துவமனையில் கட்டோடு படுத்துக்கொண்டு சொன்னாய்: "மூடிய நான் சரியா மூடல, கண்ணாடியும் போடலன்னு எழுதிக் குடுத்திருக்கேன். நீ ஒண்ணும் சொல்லாத."

"பொய்தானளா அது."

"உன்ன வெளிய அனுப்பிருவாவ. ஒனக்குப் பின்னால மூணு தங்கச்சி நிக்கி. எனக்கு அண்ணன் இருக்கான். ஒரு ஆளோட முடியட்டும்."

நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். அழுதேன். அழுதுகொண்டே, அப்பாடா என்றும் இருந்தது. அந்த அப்பாடாவை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தழும்பு ஆழமாக இறங்கிவிட்டது என்றார்கள். மாற்றுக் கருவிழி வைத்தார்கள். அது ஒரு வருடத்தில் மங்கி, அந்தக் கண்ணில் பார்வை போயிற்று. நீ ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஊர்ப்பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை ஆனாய். நிச்சயித்திருந்த கல்யாணம் நின்றது. நான் பட்டம் வாங்கி, வேலை வாங்கி, இன்று அதே மாதிரி ஒரு லேசர் அறைக்குப் பொறுப்பாளியாக இருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை உன்னைப் பார்க்க வருவேன். கோப்பையின் விளிம்பில் விரலை வைத்து, அதைத் தடவியபடியே டீ ஊற்றுவாய். பேச்சை எடுக்க நான் வாய் திறந்தால், "டீ ஆறுது, குடி" என்பாய்.

போன ஆடியில் உன் அண்ணன் போன் செய்தார். பள்ளி விட்டு வந்தவள், சாலையைக் கடக்கும்போது இடப்பக்கமாக வந்த வேனைப் பார்க்கவில்லை என்றார். இடப்பக்கம்.

அடக்கம் முடிந்து உங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். குசினியில் யாரோ கறுப்புக் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்கள். உன் அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "சின்னதுலேருந்தே இப்படித்தான், ஒண்ணையும் பாக்க மாட்டா. அன்னைக்கு அந்தப் பெட்டியத் தொறந்து கண்ணக் கெடுத்துக்கிட்டா. இன்னைக்கு ரோட்டப் பாக்காம எறங்கிட்டா."

எனக்குத் தெரிந்தவர்களில் உன்னைவிடக் கவனமானவள் கிடையாது. தகட்டில் இருந்த ஒரு கீறலைக்கூட நீ தவறவிட்டதில்லை. இருபத்தைந்து வருடமாக உன் வீட்டில் உன்னை இப்படித்தான் பேசியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணே, அவ மேல தப்பில்ல. அந்த சுவிட்சக் கட்டி வச்சது நாந்தான்" என்றேன். டேப், பச்சை விளக்கு, நீ எழுதிக்கொடுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"அப்பா சாகுற வரைக்கும் அவளத்தான் ஏசினாரு. கடைசியா அவகிட்ட பேசுனதே அதான். 'உன் கண்ண நீயே கெடுத்துக்கிட்டியேளா'ன்னாரு. அவ ஒண்ணும் சொல்லாம அவரு வாயத் தொடச்சிவிட்டா. நான் பக்கத்துலதான் நின்னேன்." பிறகு எழுந்தார். "முப்பதாம் நாள் பூசைக்கு நீ வர வேண்டாம், பேச்சி."

நான் போகவில்லை. அந்த வாரமே நடந்ததையெல்லாம் எழுதிப் பழைய ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அந்தக் காலத்துக் கோப்புகளை அழித்தாயிற்று, இனி திருத்த ஒன்றுமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

கார்த்திகையில் உன் அண்ணனே கூப்பிட்டார். நலம் விசாரிக்கவில்லை.

"கல்லறைக்குக் கல்லு வெட்டக் குடுக்கணும். பேருக்குக் கீழ டீச்சர்னு போடலாம்னு அம்மா சொல்லுதா. நீ என்ன சொல்லுத?"

"விஞ்ஞானின்னு போடுங்கண்ணே."

"அவ படிப்ப முடிக்கலியே."

"அவ முடிக்காம போகல. நான் முடிக்க விடல."

மறுமுனையில் கடற்காற்று இரைந்துகொண்டிருந்தது. அவர் போனை வைத்துவிட்டார். அதன்பிறகு மூன்று முறை மணப்பாட்டுப் பேருந்தில் ஏறி, மூன்று முறையும் வழியில் திருச்செந்தூரிலேயே இறங்கித் திரும்பியிருக்கிறேன். கல்லில் என்ன வெட்டினார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது.