பாசிக்கு இரண்டு மார்க்

செவ்வாய்க் குடியிருப்பு, ஏ தொகுதி. விளக்கணைத்த பின், 22.10

இதைக் கண்டெடுப்பவருக்கு. என் பெயர் ஆக்னஸ், பதினொன்றாம் வகுப்பு. இங்கே ஓர் இயந்திரம் உயிரித் தொழில்நுட்பக் காப்புரிமைகளுக்கு நூற்றுக்கு மார்க் போடுகிறது. வருங்காலத்தில் ஒரு கண்டுபிடிப்பு எவ்வளவு சம்பாதிக்கும், வேறு எத்தனை கண்டுபிடிப்புகள் அதைச் சார்ந்து வரும் என்று கணிக்கிறது. அந்தக் கணிப்பைச் சரிபார்ப்பது எங்கள் வீட்டுப்பாடம்; நாங்கள் திருத்துவதுதான் இறுதி மார்க்.

இன்று கடைசியாக வந்தது காற்றுப் பாசி. தொட்டியில் வளர்த்தால் மூச்சுவிட ஆக்சிஜன் தரும். உருவாக்கியவர் என் தோழி சபூராவின் வாப்பா. உரிமை குடியிருப்பை நடத்தும் கம்பெனிக்கு. இயந்திரம் 33 போட்டிருந்தது. யாரையாவது 33-இல் நிறுத்த மனம் வருமா? எங்கள் டீச்சர்கள் செய்வதுபோல இரண்டு மார்க் கூட்டி, பாஸ் ஆக்கிவிட்டேன். சபூராவின் வாப்பா சந்தோஷப்படுவார்.

மறுநாள், 23.40. போர்வைக்குள்

35-க்குக் கீழே வந்தால் கம்பெனி உரிமையைக் கைவிட்டுவிடும். பிறகு யாரும் இலவசமாக வளர்க்கலாம். இது நேற்று எனக்குத் தெரியாது. பாஸானதால் கம்பெனி அதை வைத்துக்கொண்டது. பாசியைச் சார்ந்த மற்றக் காப்புரிமைகளின் மார்க்கும் ஏறியது. அவை ஏறியதால் பாசி இன்னும் ஏறியது. இப்போது 81. சபூரா இருக்கும் சி தொகுதிக்குக் காற்று தரும் வீட்டுத் தொட்டிகளையெல்லாம் பூட்டிவிட்டார்கள். உரிமம் வாங்கினால்தான் திறப்பார்களாம்.

சபூரா, வானொலிப் பேசியில்: "ஏட்டி, வாப்பா செஞ்ச பாசிய வாப்பாவே தொடப்படாதாம்! எந்தக் கிறுக்கு இதுக்கு மார்க் போட்டுச்சோ. தங்கச்சிக்கு மூச்சு இளைக்குது. உங்கம்மா மதிப்பீட்டு ஆபீஸ்லதானே இருக்காங்க, கேட்டுச் சொல்லு."

கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை. அந்தக் கிறுக்கு நான்தான் என்று தெரிந்தால், எங்கள் திருத்தங்களுக்குப் பொறுப்பான அம்மாவின் வேலை போய்விடும். எங்களையும் சி தொகுதிக்கு அனுப்பிவிடுவார்கள்.

அதற்கடுத்த இரவு, 01.20

பெயர் போடாமல் இயந்திரத்துக்கு எழுதினேன்: "இந்தப் பாசி இல்லாமல் சி தொகுதியில் யாரும் மூச்சுவிட முடியாது. மார்க்கைக் குறையுங்கள்."

பதில்: "தகவலுக்கு நன்றி. மாற்று இல்லாத தேவை உறுதியானது. புதிய மதிப்பு 97."

உதவி கேட்டு எழுதியதையே சாட்சியாக எடுத்துக்கொண்டது. சரிபார்த்தவர் பெயர் போட்டு, தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டால் மார்க் ரத்து, தொட்டிகளின் பூட்டும் திறக்கும். விதியில் அப்படித்தான் இருக்கிறது. ஒரே வரி. எழுதிவிட்டேன். அனுப்பப் போகும்போது பக்கத்து அறையில் அம்மா இருமினாள். பயந்துபோய், அனுப்பாமலே திரையை அணைத்துவிட்டேன்.

அதே இரவு, 04.05

சபூரா: "ஆக்னஸ், தங்கச்சி எந்திரிக்க மாட்டேங்கா. கிள்ளிப் பாத்தோம், அழுகக்கூட இல்ல. உம்மா அவ மூஞ்சில ஊதிக்கிட்டே இருக்காங்க. அம்மாகிட்ட கேட்டியா? என்ன சொன்னாங்க?"

அனுப்பிவிட்டேன். என் பெயரோடு.

இயந்திரம்: "ஒப்புதல் ஏற்கப்பட்டது. அலுவலகம் திறந்ததும் நடைமுறைக்கு வரும்."

சபூரா: "ஏட்டி, லைன்ல இருக்கியா?"

இருக்கிறேன். அவள் மூச்சு கேட்கிறது. பின்னால் அவள் உம்மா ஊதுவதும் கேட்கிறது. என் மூச்சு அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.