மூடி: திறக்கலாம்

11-2-2025, செவ்வாய்

சுபஸ்ரீ கோயமுத்தூரிலிருந்து வந்துவிட்டாள். கைகால் கழுவியதும் மாடி அறையில் கம்ப்யூட்டரை விரித்துக்கொண்டாள். வீரபாண்டியில் எங்கள் சாயப்பட்டறை மூன்றாம் நம்பர் மிஷினின் மூளைப் பெட்டியை அதற்குள் அச்சு அசலாக ஓட்டுகிறாள் என் பேத்தி. அந்தப் பெட்டியைச் செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். ஒரு நாள் அது படுத்துவிட்டால் பழுது பார்க்க ஆள் இல்லை. அதனால் அதன் புரோகிராமை மட்டும் எடுத்து ஒரு போலி மிஷின். இரும்பு இல்லை, தண்ணீர் இல்லை. ஆனால் அது நிஜமாகவே துணிக்குச் சாயம் ஏற்றுவதாக நினைத்துக்கொண்டு ஓடுகிறதாம்.

பாவம் என்று தோன்றியது. மிஷினுக்கு எதற்குப் பாவம்?

14-2, வெள்ளி

போலி மிஷினிடம் கேள்வி கேட்க ஒரு கறுப்பு ஜன்னல் இருக்கிறது. சுபஸ்ரீ எதையோ தட்டினால் எழுத்தும் எண்ணுமாகக் கலந்து வரி வரியாகக் கொட்டுகிறது.

"மிஷின் ஓட்டற ராக்கையா இதை எப்படிக் கண்ணு படிப்பான்?" என்றேன்.

"அதுக்குத்தான் அப்பாயி, மனுசருக்குப் புரியற கட்டளையாச் சேர்த்துட்டு இருக்கறேன். நீங்க வார்த்தை சொல்லுங்க."

நான்கு சொன்னேன். சூடு. தண்ணி. மூடி. ஏன். கடைசியைக் கேட்டுத் துள்ளிக் குதித்தாள். மிஷின் ஒன்றைச் செய்தால் அதற்குக் காரணம் கேட்கிற கட்டளை அது.

சாயந்திரம் மாரியம்மன் கோயிலில் மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன். அஞ்சாங்கிளாஸ் படித்தவள் சொன்ன வார்த்தை கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. கந்தப்பன் சிரித்தான். "அம்மாவுக்கு நோட்டுல கிறுக்கறதுக்கு இன்னொண்ணு கெடைச்சுருச்சு" என்றான். சிரிக்கட்டும். மகன்தானே.

16-2, ஞாயிறு

ராக்கையா வந்து பார்த்துவிட்டுப் போனான். ஒன்பது வருடமாக மூன்றாம் நம்பர் அவன் கையில்தான். கமுதிப் பக்கத்துக்காரன். ஒற்றை விரலால் 'மூடி' என்று தட்டினான். 'பூட்டியிருக்கிறது' என்று பதில் வந்தது.

"பெரியம்மா, இதுகிட்ட லீவு கேட்டா குடுக்குமா?"

"குடுக்காது. ஏன்னு வேணா கேளு, காரணம் சொல்லும்."

"அப்ப நம்ம முதலாளிய விடத் தேவலை" என்றான். கந்தப்பன் கூடவே நின்றுகொண்டிருந்தான். எல்லோரும் சிரித்தோம்.

18-2, செவ்வாய்



காலையில் காபி கொண்டுபோனேன். ஜன்னலில் இரண்டு வரி நின்றது.

சூடு: 0
மூடி: திறக்கலாம்

"சைபரா? நம்மூருல மார்கழி மாசத்துத் தண்ணிகூடச் சைபர் ஆகாதே சாமி" என்றேன்.

"போலியா ஒரு சூடு பார்க்கற கம்பி வெச்சிருந்தேன் அப்பாயி. இப்பத்தான் கழட்டி உட்டேன். கம்பி இல்லீன்னா சைபர்னு..."

பாதியில் நிறுத்திவிட்டாள். 'ஏன்' என்று தட்டினாள்.

'சூடு எண்பதுக்குக் கீழே. அதனால் பூட்டு எடுத்தாயிற்று.'

அப்புறம் விளக்கிச் சொன்னாள். நிஜ மிஷினிலும் இதே புரோகிராம்தான். பாலியஸ்டர் துணி நூற்று முப்பது டிகிரியில் பிரஷரோடு வெந்துகொண்டிருக்கும்போது அந்தக் கம்பி அறுந்தால், மிஷின் தண்ணீர் பச்சைத் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளும். சூடு பத்தவில்லை என்று ஆவியை இன்னும் திறந்துவிடும். மூடிப் பூட்டையும் எடுத்துவிடும். திறக்கலாம் என்று பச்சை லைட் எரியும்.

இத்தனை வருடமாக அந்த எண்களுக்குள் இது இருந்திருக்கிறது. வார்த்தையாக வந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

மூடிமேல் பிரஷர் காட்டும் முள் இரண்டு வருடமாக ஒரே இடத்தில் நிற்கிறது. எனக்கே தெரியும்.

19-2, புதன்

கந்தப்பனிடம் இரண்டு பேரும் சொன்னோம். சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"போலிக்குள்ள நடக்கறத நம்பி நெஜ மிஷினை நிறுத்தச் சொல்றீங்களா? கம்பி அறுந்தாத்தானே?"

"அறுந்தா என்னப்பா பண்ணுவீங்க?" என்றாள் சுபஸ்ரீ.

"மார்ச் பத்தாந்தேதி லோடு போகோணும். அப்பறம் பார்த்துக்கலாம். அதுவரைக்கும் வெளிய ஒருத்தருகிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது. அம்மா, உங்களுக்கும் சேர்த்துத்தான்."

இன்னொரு தோசை கேட்டான். போட்டேன்.

20-2, வியாழன்

ராக்கையா வண்டிச் சாவி வாங்க வீட்டுக்கு வந்தான். மோர் கொடுத்தேன். "நல்லாருக்கீகளா பெரியம்மா?" என்றான். நல்லாயிருக்கிறேன் என்றேன். சொல்லவில்லை. வேலைக்காரனிடம் என் மகனை நானே எப்படி விட்டுக்கொடுப்பது?

குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

27-2, வியாழன்

இன்றைக்கு ஒன்றும் இல்லை. மூன்றாம் நம்பர் ஓடுகிறது. போன் அடித்தால் முதலில் நான்தான் ஓடி எடுக்கிறேன்.

3-3, திங்கள்

பதினொன்றரை மணிக்குப் பட்டறையிலிருந்து போன். அடிபட்டது ராக்கையாதான்.

துணி உள்ளே சிக்கிக்கொண்டது. பெட்டியில் சைபர், பச்சை லைட். மூடியைத் திறந்திருக்கிறான், கொதிக்கிற தண்ணீர் மேலே அடித்துவிட்டது. ஐயோ, எனக்குத் தெரியுமே. எனக்குத் தெரியுமே.

5-3, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகம், நெஞ்சு, இரண்டு கை. கண் கட்டை இன்னும் பிரிக்கவில்லை. அவன் பெண்டாட்டி சின்னத்தாய் சொன்னாள்: "பச்சை எரிஞ்சுச்சு, பச்சை எரிஞ்சுச்சுன்னு அதையே சொல்லிக்கிட்டுக் கெடக்காக பெரியம்மா."

வீட்டுக்கு வந்தால் கந்தப்பன் வக்கீலோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறான். அவசரப்பட்டுத் திறந்தது ராக்கையாவின் தப்பாம். முன்னால் யாருக்கும் எதுவும் தெரியாதாம்.

6-3, வியாழன்

சுபஸ்ரீயின் கம்ப்யூட்டரைப் பிடுங்கிப் போலி மிஷினை அழித்துவிட்டான். அவள் காலையிலிருந்து சாப்பிடவில்லை. "ஒண்ணும் மிச்சமில்லீங்க அப்பாயி" என்றாள்.

மிச்சம் இருக்கிறது என்றேன். இந்த நோட்டைக் காட்டினேன். தேதி போட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

வெகுநேரம் படித்தாள். "அப்பாவக் காட்டிக் குடுக்கப் போறீங்களா?" என்றாள்.

7-3, வெள்ளி

பத்து மணிக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் பட்டறைக்கு வருகிறார்.

காலையில் நோட்டில் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் கந்தப்பன் சொன்னது. பின்பக்கம் நான் மோர் கொடுத்தது. கிழித்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும். கொடுத்தாலும் இரண்டும் சேர்ந்துதான் போகும். கிழிக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்பார். நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைதான் அந்த 'ஏன்'. கேட்டதும் மிஷின் பதில் சொல்லிவிட்டது.

சுபஸ்ரீ வாசலில் ஸ்கூட்டியை எடுத்துவிட்டாள். ஹாரன் அடிக்கிறாள்.