ஒன்பதாவது வரி

ஜூன் 3

அன்பு மகளுக்கு,

நான் சொல்லச் சொல்ல, கீழ்வீட்டு நர்ஸம்மா எழுதுகிறார். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

உன் அண்ணனைத் தேடி நீ போட்ட வலைப்பக்கத்தை மாதக் கடைசியில் எடுத்துவிடுவேன் என்றாயே, கொஞ்சம் பொறு. நூலகக் கணினியில் அதைப் பார்த்தேன். நீ காட்டிய அன்று உன் கணினியில் அவன் படத்துக்குக் கீழே ஒன்பது வரி இருந்தது. கடைசி வரியில் வெறும் எண்கள். பின்னால் நம் பழைய வீட்டுப் படம், ஒன்றே ஒன்று. இங்கே எட்டு வரிதான். வீடு குளியலறை ஓடு மாதிரி நான்கு முறை வருகிறது. எனக்குப் படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும்.

அப்பா

ஜூன் 9

அன்புள்ள அப்பா,

இரண்டு முறை பார்த்தேன், எல்லாம் சரியாகவே இருக்கிறது. கண்ணாடியை மாற்றுங்கள். வீடு மாறியபின் நம் நம்பர் அவனுக்குத் தெரியாதே என்றுதான் பக்கம் போட்டேன். ஒன்றரை வருஷமாயிற்று. பார்த்திருப்பான், கூப்பிட மனசில்லை. முப்பதாம் தேதி எடுத்துவிடுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்

ஜூன் 15

மகளே,

கண்ணாடி போன மாதம் மாற்றியதுதான். சலூன்காரர் போனில் ஒன்பது வரி. மருந்துக்கடைக் கணினியில் எட்டு. “பெரியவரே, மருந்து வாங்க வந்தீங்களா, வரி எண்ண வந்தீங்களா?” என்று கேட்டார். எட்டு வரி வரும் இரண்டு இடத்திலும் பக்கத்தைத் திறக்க அழுத்தும் சின்னம் ஒன்றேதான். நர்ஸம்மா வரைந்திருக்கிறார், பார்.

“வெளியே போ” என்று அவனைச் சொன்னவன் நான். சட்டையில் ஒரு கைதான் இஸ்திரி போட்டிருந்தான், அப்படியே போட்டுக்கொண்டு போனான். எட்டு வரி மட்டும் பார்த்தவன் எப்படியம்மா கூப்பிடுவான்?

அப்பா

ஜூன் 21

அப்பா,

என்னை மன்னித்துவிடுங்கள். நீங்கள் அனுப்பிய சின்னம் வேறொரு பிரௌசருடையது, பழசு. பின்னணிப் படத்தை, வரிகள் இருக்கும் பெட்டியளவுக்கு நீட்டச் சொன்னது அதற்குப் புரியாமல், வரிசையாக அடுக்கிவிட்டது. எழுத்தையும் கொஞ்சம் பெரிதாகக் காட்டுகிறது. நானோ பெட்டிக்கு ஓர் உயரம் வைத்து, மிஞ்சுவதை மறைக்கச் சொல்லியிருந்தேன். மறைந்தது நம் நம்பர். என் பிரௌசரில் மட்டும் பார்த்துவிட்டு அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தேன். உயரத்தை நீக்கிவிட்டேன். பக்கம் இருக்கும்.

உங்கள் மகள்

ஜூலை 4

மகளே,

நூலகத்தில் ஒன்பது. வீடு இன்னும் குளியலறை ஓடுதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

நேற்றுக் காலை பதினோரு மணிக்கு போன் வந்தது. இரண்டு முறை தொண்டையைச் செருமும் சத்தம் மட்டும். வாய் திறக்குமுன் அப்படிச் செருமுவது யார் என்று உனக்கும் தெரியும்.

“சாப்பிட்டியா?” என்றேன்.

அவன் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. நர்ஸம்மா மாத்திரை கொடுக்க வந்தார், கையைக் காட்டி நிறுத்திவிட்டேன்.

அப்புறம் “ம்” என்றான்.

அப்பா