ஆளில்லாத வயலுக்கு ஓர் இசை

இன்று மதியம் குடவாசல் பேருந்தில் ஒரு பெண் நாற்றுமுடியோடு ஏறி, அதை என் காலடியில் வைத்தாள். பறித்த நாற்றின் பச்சை வாடை எழுந்தது. நீ இறந்துபோன பிறகு உன்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தவள், வீடு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது நீ சென்னையில் சினிமா படித்துக்கொண்டிருந்தாய். நான் தஞ்சாவூரில் வயலின் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். படிப்பை முடிக்க நீ எடுத்த குறும்படத்தை எங்கள் மாடி அறைக்குக் கொண்டுவந்து, சன்னல்களை அடைத்து, வெள்ளைச் சுவரில் ஓட்டிக் காட்டினாய். உச்சிவெயிலில் ஒரு நடவு வயல். தண்ணீர், வரப்பு, பாதி நட்ட நாற்று. மனித முகம் ஒன்றுகூட இல்லை.

"இதுக்கு நீதான் மியூசிக் போடணும். மியூசிக்தான்டி எங்கம்மா" என்றாய்.

உன் அம்மாவைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருக்கிறாய். அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதிதில், கூலிநெல்லைக் கூட்டிக் கேட்டு உங்கள் தெருவில் சங்கக் கொடி ஏறிய வருடம்தான் அவள் காணாமல்போனாள். கொடி ஏற்றியவர்களில் அவளும் ஒருத்தி. கைக்குழந்தையாக இருந்த உன்னைத் தூளியில் போட்டுவிட்டு நடவுக்குப் போனவள் திரும்பவில்லை. தனியாகக் கரையேறிப் போனாள் என்று உடன் நட்ட பெண்கள் எல்லோரும் சொன்னார்கள். விசாரணை அத்தோடு நின்றது.

முதலில் ஒப்பாரிச் சாயலில் ஒன்று வாசித்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

"அழுவ வேணாம். அவ செத்துட்டான்னு யாரும் எங்கிட்ட சொல்லல."

பிறகு ஓர் உச்சிவேளையில்தான் அந்த மெட்டு வந்தது. படம் சுவரில் ஓடிக்கொண்டிருக்க, வில் தானாகக் கீழே சரிந்து, மெல்ல ஏறி, சட்டென்று நின்றது. நான் படித்த எந்த ராகத்திலும் அது அடங்கவில்லை. முடித்துவைக்க எவ்வளவோ முயன்றேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கை மரத்துப்போயிற்று. "அப்படியே விட்டுடு, இதுதான்" என்றாய். உன் கைகளில் மயிர் குத்திட்டு நின்றதைப் பார்த்தேன்.

படத்தை உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், சன்னல்களைச் சாக்கால் மூடி, பகலிலேயே திரையிட்டாய். இசை தொடங்கிச் சிறிது நேரத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. யாரோ கூடவே பாடுகிறார்கள் என்று நினைத்தேன். உற்றுக் கேட்டேன். அந்தக் குரல் என் வயலினுக்குப் பின்னால் வரவில்லை, முன்னால் போய்க்கொண்டிருந்தது. இன்னும் சில குரல்கள் சேர்ந்தன. நான் நிறுத்திய இடத்திலேயே அத்தனையும் நின்றன.

சாக்கை விலக்கியதும், உன்னை வளர்த்த பெரியம்மா எழுந்து என்னிடம் வந்தார்.

"யாரும்மா இதப் போட்டது?"

"நான்தாங்க."

"எங்க கேட்ட?"

"எங்கயும் கேக்கலங்க. நான் நடவு வயல்ல நின்னதுகூட இல்ல."

அவர் உன் பக்கம் திரும்பினார். "நடவுல உங்கம்மாதான் எடுத்துக் குடுப்பா, நாங்க பின்னால பாடுவோம். அன்னைக்கும் பாடிக்கிட்டு இருந்தா. பாட்டுல இந்த எடம் வந்தப்பதான் வரப்புல வந்து நின்னு கூப்புட்டாங்க."

"தனியாப் போனான்னுதானே பெரியம்மா சொன்னீங்க?"

"புள்ளைங்க இருந்துச்சு ஆத்தா எங்களுக்கும்" என்றார். பிறகு, இத்தனை வருடம் அடக்கிவைத்திருந்த ஒரு மிராசுதாரின் பெயரைச் சொன்னார். பின்னாலிருந்த பெண்கள் ஒவ்வொருவராக அதே பெயரைச் சொன்னார்கள்.

அந்த ஆள் அதற்குள் இறந்துபோயிருந்தார். புகார் கொடுக்கப் போன இடத்தில் பழைய கதை என்று உன்னைத் திருப்பி அனுப்பினார்கள். நீ படத்தின் கடைசி அட்டையை மட்டும் மாற்றினாய். 'காணாமல் போன என் அம்மாவுக்கு' என்றிருந்ததை 'அழைத்துச் செல்லப்பட்ட என் அம்மாவுக்கு' என்று எழுதினாய். அந்த ஆடி அமாவாசைக்குக் காவிரியில் முதன்முதலாக அவளுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டாய். படித்துறையில் உன் பக்கத்தில் நான் நின்றேன்.

இசை என்ற இடத்தில் என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். நீ கேட்கவில்லை.

"உன் கை வழியாத்தானே வந்துச்சு. இருக்கட்டும்."

இருக்கிறது. உன் படத்தைப் பார்த்தவர்கள் இன்றும் அந்த மெட்டு எப்படித் தோன்றியது என்று கேட்கிறார்கள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். உச்சிவேளையில் தனியாக வயலின் எடுக்க எனக்கு இப்போதும் பயம்தான். ஆனாலும் எடுக்கிறேன். வாசிக்கத் தொடங்கும்முன், உன் அம்மா வந்தால் வரட்டும் என்று மாடிக் கதவைத் திறந்துவைக்கிறேன்.