வாசலோடு திருப்பி அனுப்பியவர்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுவில் புகுந்து கத்துவாய், எனக்கு வாயடைத்துப்போகும், அதனால்தான் கடிதம். நான் கோப்பு எழுதும் ஸ்டேஷனில் ஒரு சாவு. சோதனைச் சாவடியில் லாரி மோதி ஒரு போலீஸ்காரப் பையன் போய்விட்டான், உன் வயதுதான். கூட நின்ற ஜீப் டிரைவர் கை முறிவோடு தப்பினான். முதல் பத்து நாள் அந்த வீட்டில் கால் வைக்க இடமில்லை, அப்புறம் ஈ காக்கை இல்லை. அப்பா போனபோது நம் வீட்டிலும் அப்படித்தானே. அதனால் தினமும் சாயங்காலம் நான் போகிறேன். ஆறுதலெல்லாம் சொல்வதில்லை, துணி மடிக்கிறேன், குழந்தைக்குத் தலை வாருகிறேன், அவன் மனைவி அழுதால் நானும் அழுகிறேன்.

நேற்று அந்த டிரைவர் கட்டுப்போட்ட கையோடு வாசலில் வந்து நின்றான். நீங்க மட்டும் எப்படிப் பொழைச்சு வந்தீங்க என்று அவள் கேட்டேவிட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினான். நான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து, நில்லுப்பா, கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் போ என்றேன். உட்கார்ந்து அன்று நடந்ததையெல்லாம் சொன்னான். புது ஷூ கடிக்குதுடா, வீட்டுல சொல்லிடாதே, அவ ஆசையா வாங்கிக்கொடுத்தது என்று அந்தப் பையன் நொண்டிக்கொண்டே சொன்னானாம், அதுதான் கடைசிப் பேச்சு. அவள் சிரித்தாள், பிறகு அழுதாள், அந்த அழுகையை எழுத என்னால் முடியாது. இன்னும் சொல்லுங்க, இன்னும் சொல்லுங்க என்று அவனை விடவே இல்லை.

இப்போது என் விஷயம். அப்பாவோடு ஒரே போலீஸ் ஜீப்பில் பதினோரு வருடம் போன உன் மீசை மாமா, கலவரத்தில் அப்பா செத்தபிறகு எட்டிக்கூடப் பார்க்காத நன்றிகெட்டவர் என்று சொல்லி உன்னை வளர்த்தேனே, அது பொய். மறுவாரமே வந்தார். அப்பாவின் சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்துக் கையில் வைத்திருந்தார். நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன், ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. வெகுநேரம் வெளியே நின்றார். அவர் சட்டையைப் பிடித்து நிறுத்த அன்று யாரும் இல்லை. அப்பா கிளம்பிய காலையில் எங்களுக்குள் சண்டை, அந்த டப்பாவைக் கையில்கூடக் கொடுக்காமல் மேசையில் நங்கென்று வைத்தேன். கடைசியாக அவர் என்ன பேசினார் என்று பத்தொன்பது வருடமாக எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆளை நானே விரட்டிவிட்டேன்.

மீசை மாமா இப்போது மகனோடு நீ இருக்கும் ஊரில்தான் இருக்கிறாராம், விலாசம் பின்பக்கம் இருக்கிறது. கோபத்தை என்மேல் காட்டு, அவரைப் போய்ப் பார். அம்மா மன்னிப்புக் கேட்டாள் என்று சொல். உடனே கதவு திறக்காவிட்டால் கொஞ்சம் நில், அவரும் நின்றவர்தானே. நேரத்துக்குச் சாப்பிடு, நீங்கள் இருவரும் நூறு வயது நன்றாக வாழ வேண்டும். மறக்காமல் அவர் சொல்வதை ஒன்று விடாமல் எழுது. அப்பா என்னைத் திட்டியிருந்தாலும் மறைக்காதே, அப்படியே எழுது.

பதிலுக்குக் காத்திருக்கும்
உன் அம்மா